பிரிக்காத டேபிள் ஃபேன்

அந்த அட்டைப் பெட்டியின் நான்கு பக்கமும் ஒரே பெண்ணின் படம். நீலச் சேலை, மூடிய கண்கள், ஒரு பக்கமாகப் பறக்கும் கூந்தல். அவளுக்கு எதிரே ஒரு டேபிள் ஃபேன் சுழல்வதாக வரைந்திருந்தார்கள். பெட்டிக்குள் இருந்ததும் அதே ஃபேன்தான். அதைப் பிரிக்காமல் சுவரோரமாகப் போட்டு, மேலே ஒரு பழைய துண்டை விரித்து, அதையே மேசையாக்கிக்கொண்டு எங்கள் மதினி படித்தார். காரைக்குடி வெயில், ஓட்டு வீட்டின் பின்னறை, இருந்த ஒரே ஜன்னலும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல். படத்திலிருந்த பெண்ணுக்கு மட்டும் வருஷம் முழுவதும் கூந்தல் பறந்துகொண்டிருந்தது. மதினியின் முழங்கையிலிருந்து வடிந்த வியர்வையில் பெட்டியின் விளிம்பு ஊறி ஊறிப் பழுப்பேறியிருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது.

மதினி என் அண்ணனின் மனைவி. எண்பதுகளின் நடுவில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, நாச்சியாபுரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகள் பட்டம் வாங்கியிருந்தாள், தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் தேறியிருந்தாள், அரசாங்கப் பரீட்சை ஒன்றை எழுதிவிட்டால் ஓர் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடலாம் என்பது இருவருக்கும் இருந்த ஆசை. சீர் சாமான்களை இறக்கியபோது ஃபேன் பெட்டியை மட்டும் அந்த வாத்தியாரே தூக்கிவந்து வைத்தார். "பிள்ளை படிக்கிறப்ப காத்து வரட்டும்" என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். அந்த மனிதர் விவரமானவர். விவரமெல்லாம் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

எங்கள் ஊருக்கு ஒரு வியாதி உண்டு. பெண்ணோடு வந்த சாமானை எடுத்துப் புழங்கினால் மதிப்பில்லை, எடுத்து வைத்தால்தான் மதிப்பு. ஆச்சிமார் வீடுகளில் அதற்கென்றே அறைகள் இருந்தன. பித்தளையும் பீங்கானும் அடுக்கியது அடுக்கியபடி இருக்கும், வீட்டார் அலுமினியத் தட்டில் சாப்பிடுவார்கள். எங்களைப் போன்ற வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பங்களுக்கு அத்தனை அறைகள் இல்லை. ஆனால் பரண் இருந்தது, பார்த்துப் பழகிய புத்தியும் இருந்தது. ஃபேன் பெட்டியைப் பார்த்ததும் அம்மா, "இருக்கட்டும். எடுத்து வச்சா எங்குட்டு ஓடிப் போகப் போகுது" என்றாள். மதினி அதற்கு ஒரு படி மேலே போனார். பரீட்சையில் தேறும்வரை அந்தப் பெட்டியைப் பிரிப்பதில்லை என்று கோயிலில் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டு வந்துவிட்டார். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

ஒறுத்தல் எங்களுக்குப் புதிதல்ல. தவக்காலம் வந்தால் அப்பா வெற்றிலையை விடுவார், அண்ணன் கறியை விடுவார், நான் சீனியில்லாமல் காபி குடித்து எல்லோருக்கும் தெரியும்படி முகத்தைச் சுளிப்பேன். ஈஸ்டர் அன்று விட்டதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்துவிடும். மதினியின் ஒறுத்தலுக்கு ஈஸ்டர் என்று ஒரு நாளே இல்லாமல் போனதுதான் கோளாறு. ஃபேனோடு அது நிற்கவுமில்லை. நாத்தனாரான நான் சினிமாவுக்குக் கூப்பிட்டால், "தேறட்டும் தாயி" என்பார். வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்துப் போனபோதும், "தேறட்டும், அப்புறம் நிம்மதியா வாரேன்" என்று வீட்டுக்குக் காவலாக நின்றுகொண்டார். அவருக்குப் பிடித்த பால் பணியாரத்தைச் செய்வார், எங்களுக்கு ஊற்றிக் கொடுப்பார், தனக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பார். பாடம் முடிந்ததும் சாப்பிட வேண்டுமாம். பாடம் முடிவதற்குள் பணியாரம் புளித்துவிடும்.

நானும் அப்போது படித்துக்கொண்டுதான் இருந்தேன். என் வழி வேறு. ஒரு பாடத்தை முடித்தால் ஒரு முறுக்கு, இரண்டு பாடம் முடித்தால் வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை. சில நாள் முறுக்கை முதலில் தின்றுவிட்டுப் பாடத்தை மறந்ததும் உண்டு. "கூலியை முன்னாடியே வாங்கிட்டு வேலைக்கு வராத கொத்தனாரு மாதிரில்ல இருக்கே" என்று மதினி கேலி செய்வார். "நீங்க வேலையெல்லாம் பாத்துட்டு கூலி வாங்காம போற கொத்தனாரு" என்பேன். இருவரும் சிரிப்போம். ஆனால் நான் ஆண்டுதோறும் தட்டுத் தடுமாறித் தேறிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மதினி விடியுமுன் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். உலை கொதிக்கும்வரை பொது அறிவு. காலையில் ஒரு டைப்ரைட்டிங் நிலையத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. வலையபட்டி ஆச்சி ஒருவர் வாடகைக்கு விட்டிருந்த பெரிய வீட்டின் முகப்பில் அது நடந்தது. பத்துப் பதினைந்து மெஷின்கள் ஒரே நேரத்தில் அடிக்கும் சத்தத்துக்குள் நின்றுவிட்டு, மதியம் வீடு வந்து, பரிமாறி, கழுவிக் கவிழ்த்து, பின்னறைக்குப் போய்ப் பெட்டிக்கு முன்னால் சம்மணமிடுவார். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் நாய்கூட எழுந்து நிற்காது. அப்பா கூடத்துச் சீலிங் ஃபேனுக்குக் கீழே, அண்ணனுக்கு விடுமுறை என்றால் அவரும் பக்கத்தில். மதினி மட்டும் முதுகு நிமிர்த்திப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒருநாள் அவருடைய புத்தகம் ஒன்றை வாங்கிப் புரட்டினேன். ஒழுங்காகக் கோடு போட்டு வந்த பேனா, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் வழுக்கி, ஓரம்வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். கண் விழித்ததும் விட்ட வரியிலிருந்து மறுபடி கோடு. அப்படிப் படித்த பாடம் எங்கே தங்கும்?

ஞாயிற்றுக்கிழமையாவது விடிவு உண்டா என்றால், அன்றைக்குத்தான் இரட்டை வேலை. ஓய்வு நாளைப் பரிசுத்தமாக அனுசரிக்க வேண்டும் என்று சாமியார் பிரசங்கம் வைப்பார். பூசை முடிந்து வந்து ஆண்கள் அனுசரிப்பார்கள். பெண்கள் கறிக்கு மசாலா அரைப்பார்கள். அம்மாவும் விதிவிலக்கல்ல. அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே கிடையாது. "பகல்ல பொம்பளை படுத்தா வீடு விளங்காது" என்பது அவள் தன் மாமியாரிடம் கேட்ட சொல். அதை மருமகளைப் பார்த்து ஒருநாளும் அவள் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டுச் சுவரே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் தடவை மதினி தேறவில்லை. தேறியவர்களின் எண்கள் வந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவர் கண்டுபிடித்த காரணத்தைக் கேட்டு எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஈஸ்டருக்குப் பிறந்த வீட்டுக்குப் போனவர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தூங்கிவிட்டாராம். "அங்கதான் விட்டுட்டேன் தாயி" என்றார். அதிலிருந்து நாச்சியாபுரம் போவதும் நின்றது. அவரைப் பார்க்க வந்த அவருடைய அப்பா பின்னறையை எட்டிப் பார்த்தார். ஃபேன் பெட்டியின் மேல் புத்தகங்களைப் பார்த்தார். காபியைக் குடித்துவிட்டு, "வெயிலு ஜாஸ்தியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அடுத்த பரீட்சை அறிவிப்பு வந்தபோது அம்மா பொதுவில் ஒரு தீர்ப்புச் சொன்னாள். "இந்த ஒரு தடவை எழுதட்டும். இல்லாட்டி பிள்ளையப் பெத்துக்கிட்டு வீட்டைப் பாக்கட்டும்." அப்பா தலையை ஆட்டினார், அண்ணன் சோற்றைப் பிசைந்தார். மதினியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் உட்கார்ந்து சாப்பிடுவதும் குறைந்துபோனது. அடுப்படியில் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. நெருங்கி நின்றவர் அவர்தான், அதனால் அவர் மேலேயே காட்டினேன்.

பரீட்சை சிவகங்கையில். அண்ணனுக்கு அன்றைக்குத் தான் வேலை பார்த்த கூட்டுறவுச் சொசைட்டியில் கணக்கு முடிக்கிற வேலை. மதினி தனியாகவே விடிகாலைப் பஸ்ஸில் கிளம்பினார். முந்தின இரவு அவர் படுக்கவே இல்லை. நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவைத்தோம். சாயங்காலம் வழக்கமாக வரவேண்டிய நேரத்துக்கு வந்தார், கிணற்றடியில் கால் கழுவினார். "எப்படி எழுதுனே?" என்று அண்ணன் கேட்டார். "எழுதலை" என்றார் மதினி. கழுவின காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். முகூர்த்த நாள், பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஜன்னலோரம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊர் தாண்டியதும் ஜன்னலில் காற்று வந்திருக்கிறது. அவ்வளவுதான். தலையைக் கம்பியில் சாய்த்தவர் சிவகங்கையில் கண்டக்டர் போட்ட சத்தத்துக்கும் எழவில்லை, கல்யாணக் கூட்டம் இறங்கிய இரைச்சலுக்கும் எழவில்லை. கண் விழித்தபோது மானாமதுரை பஸ் ஸ்டாண்டு. பதறியடித்துத் திரும்பி வந்து சேர்ந்தபோது பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். எதிரே இருந்த வேப்பமரத்தடியில், உள்ளே போனவர்கள் எழுதி முடித்து வரும்வரை உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். வினாத்தாளை யாரிடமோ வாங்கிப் பார்த்தாராம். பாதிக்கு மேல் தெரிந்த கேள்விதான் என்றார்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்பா இருமினார். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா கூடத்தில் உட்கார்ந்து வற்றல் மிளகாயின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மதினி பின்னறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், ஆறுதல் சொல்லத்தான். அங்கே அவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடியும் ஒரு புத்தகத்தை விரித்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"என்ன மதினி, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ரெண்டு வருசமா தூங்காம இருந்து, கடைசில பஸ்ஸுல போய்த் தூங்குறீக. அந்தத் தூக்கத்தை இங்குட்டுப் பாயில படுத்துத் தூங்கியிருந்தா இன்னைக்குப் பரீட்சை எழுதியிருப்பீகல்ல? தவக்காலத்துலயே ஞாயித்துக்கிழமை நோன்பு இல்லங்குறாக. ஆண்டவரே ஏழாம் நாளு ஓஞ்சுதான் இருந்தாரு. நீங்க என்ன அவரை விடப் பெரியவுகளா?"

மதினி புத்தகத்தை மூடவில்லை. குரலும் உயரவில்லை.

"ஆண்டவருக்கு மாமியா வீடு இல்ல தாயி" என்றார். "நான் படுத்துத் தூங்குனா, படிக்கிறேன்னு சொல்லிட்டு மருமக தூங்குறாம்பாக. உக்காந்து தூங்குனா, மருமக படிக்கிறாம்பாக. அதான் உக்காந்தே தூங்கிப் பழகிட்டேன்."

அவருக்குத் தெரியாமல் வந்த தூக்கம் இல்லை அது. அவருக்குக் கிடைத்த தூக்கமே அவ்வளவுதான். அந்த நேர்ச்சையும் அப்படித்தான். ஃபேனைப் போட்டுக்கொண்டு படித்தால், சொகுசாக இருக்கிறாள் என்று ஒரு பேச்சு வரும். பிரிக்காத பெட்டியின் மேல் வியர்வை வடியப் படித்தால் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. எங்கள் வாயை அடைப்பதற்காக அவர் தன் காற்றை அடைத்து வைத்திருந்தார். பின்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். மிளகாய்க் காம்பு கிள்ளுகிற சத்தம் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து ஆண்கள் சாய்ந்த பிறகு, அடுப்படிக் கத்தியை எடுத்துக்கொண்டு நான் பின்னறைக்குப் போனேன். புத்தகங்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் பெட்டியின் பட்டையை அறுத்தேன். மதினி பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "வேணாம் தாயி, நான் ஆண்டவருக்குச் சொல்லியிருக்கேன்." திரையை விலக்கிக்கொண்டு அம்மா நின்றாள். நான் இரண்டு பேரோடும் சண்டை போடத் தயாராக இருந்தேன். அம்மா மருமகளைப் பார்த்துச் சொன்னாள்: "நீ பிரிக்க மாட்டேன்னுதானே சொல்லியிருக்கே? அவதானே பிரிக்கிறா."

பெட்டிக்குள் தெர்மோகோல் தூள் தூளாகக் கிடந்தது. இரண்டு வருஷப் புத்தகப் பாரமும் முழங்கைப் பாரமும் போதாதென்று, அண்ணன் தினமும் ஷூ மாட்ட அதன் மேல்தான் உட்காருவார். ஃபேனின் கம்பிக் கூண்டு ஒரு பக்கம் அமுங்கி இறக்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேரண்டி அட்டை உறைக்குள் புத்தம் புதிதாக இருந்தது, கெடு மட்டும் போன மாதத்தோடு முடிந்திருந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கையால் கூண்டை நிமிர்த்திப் பார்த்தேன். பாதிதான் நிமிர்ந்தது. ஸ்விட்சைப் போட்டதும் டக் டக் டக் என்று அடித்துக்கொண்டே சுற்றியது. ஆனாலும் காற்று வந்தது. அந்த அறைக்குள் முதன்முதலாக ஒரு தாள் பறந்தது.

மதினி சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தார், காற்று படாத மூலையாகப் பார்த்து. "உக்காருங்க, படுங்க" என்று நான் சொல்லச் சொல்ல, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். அம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "என்னமோ எனக்குப் புழுங்குது" என்று சொல்லிவிட்டு, முந்தானையை உதறித் தரையில் போட்டு, ஃபேனுக்கு நேரே கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். படுத்த கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. அம்மாவைப் பகலில் படுத்த நிலையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மதினி சிறிது நேரம் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கீழே உட்கார்ந்தார், சாய்ந்தார், கால்களை நீட்டினார். அவரும் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் சேர்த்துக் காபி போட்டேன், எழுப்பாமல் நானே குடித்தேன்.

எழுந்ததும் அம்மா கொண்டையை முடிந்துகொண்டே, "அடுத்த தடவை உங்கண்ணன் கூடப் போகட்டும். பஸ்ஸுல எழுப்பிவிட ஆள் வேணும்ல" என்றாள். அடுத்த தடவை என்று ஒன்று உண்டு என்பதை வீடு அப்படித்தான் தெரிந்துகொண்டது. அன்று முதல் தினமும் மதியம் அம்மாவுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது, ஃபேன் காற்றில் கொஞ்சம் படுத்தால்தான் தேவலையாம். மதினியும் அருகில் படுத்து எழுந்து, முகம் கழுவி, தெளிந்த கண்ணோடு படிப்பார். புத்தகத்தில் கோடுகள் கடைசிவரை நேராகப் போயின. அடுத்த பரீட்சையில் தேறினார், தாலுகா அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தூங்கியதால்தான் தேறினார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தூங்காததால் தேறவில்லை என்று மட்டும் சத்தியம் செய்வேன்.

சில வருஷங்களுக்கு முன் மதினி ஓய்வு பெற்றார். விழாவில் பேசிய ஒவ்வொருவரும் ஓய்வறியா உழைப்பாளி என்று புகழ்ந்தார்கள். எனக்கு மைக்கைப் பிடுங்கலாமா என்று இருந்தது. ஒருவரைப் பாராட்ட நம்மவர்களுக்கு வேறு வார்த்தையே கிடைப்பதில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே இன்னொரு வீட்டில் இன்னொருத்தியை உட்கார்ந்தபடி தூங்கவைப்பார்கள்.

போன கோடையில் திருச்சியிலிருந்து மதினியைப் பார்க்கப் போனேன். அம்மா போய்ப் பல வருஷமாகிவிட்டது. சென்னையிலிருக்கும் மகன் மாட்டிக்கொடுத்த ஏசி படுக்கையறையில் இருந்தது, ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அண்ணன் வழக்கம்போலச் சாப்பிட்டதும் உள்ளே குறட்டை. மதினி கூடத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோயில் பீடத்துக்கு ஒரு விரிப்பில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். நெடுநாள் ஆசையாம், திருவிழாவுக்குள் முடிக்க வேண்டுமாம். அருகில் போய்ப் பார்த்தேன். வரிசையாக வந்த தையல் ஓரிடத்தில் சறுக்கி, பூவை விட்டு வெளியே ஓடியிருந்தது.

"செத்த நேரம் படுங்க மதினி. ஏசியப் போடுங்க."

"விரிப்பு முடியட்டும் தாயி. எங்குட்டு ஓடிப் போகப் போகுது?"

எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே வந்தது. கேட்பதற்கு இப்போது மாமியார் இல்லை, மாமனார் இல்லை, மேலதிகாரி இல்லை. சாய்ந்தால் ஒரு சொல் சொல்ல ஆளில்லாத வீட்டில், அறுபது வயதுக்கு மேல் ஒருவர் தூக்கத்தை ஊசிமுனையில் பிடித்து வைத்திருக்கிறார். கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். கத்தியதால் நடந்த காரியம் அந்த வீட்டில் அன்றைக்கும் ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"எனக்குப் புழுங்குது மதினி" என்று சொல்லிவிட்டுத் தரையில் படுத்தேன்.

உடனே எழுந்தார். ஏசி அறைக்குக் கூப்பிட்டார், நான் அசையவில்லை. மூலையில் தலையணை உறை மாட்டி மூடியிருந்த ஒன்றைத் தூக்கிவந்து என் தலைமாட்டில் வைத்து உறையைக் கழற்றினார். அதே ஃபேன். கூண்டு இன்னும் அமுங்கித்தான் இருந்தது. ஸ்விட்சைப் போட்டார். டக் டக் டக். நான் கண்ணை மூடிக்கொண்டு மூச்சைச் சீராக விட்டேன். கொஞ்ச நேரம் துணியில் நூல் இழுபடும் ஓசை கேட்டது. பிறகு அது நின்றது. கண்ணாடியை மடித்து வைக்கும் சத்தம். தரையில் வளையல் உரசும் சத்தம். அதன்பின் எனக்கு அருகில், மெல்லிய குறட்டை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. பகலில் எனக்குத் தூக்கம் வராது, அம்மாவைப் போல. பெட்டியைப் பிரித்த அன்றைக்கு அம்மா தூங்கவே இல்லையோ என்ற சந்தேகம் இத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் வந்தது. கண்ணைத் திறக்காமல் கிடந்தேன்.